புல், மரம், மாக்கள்: வகைப்படுத்தல் குறித்துச் சில குறிப்புகள்

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குப் போகும் சாலையில் சில கிலோமீட்டர் போனால் திருப்பாச்சூர். பாசு என்றால் மூங்கில், மூங்கில் காடாய்க் கிடந்ததால் பாசூர் என்பது தலபுராணம் தருகிற விளக்கம். புதருக்குள் மறைந்திருந்த லிங்கத்தை வாசி என்கிற கருவியால் வெட்டித் தோண்டி எடுத்தார்களாம், அதனால் சாமி வாசீஸ்வரர். (தச்சர்கள் கையிலிருக்கும் வாச்சியும் இந்த வாசியும் ஒன்றே.) சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். தலவிருட்சம் மூங்கில். திருநெல்வேலியிலும் தலவிருட்சம் அதுதான், அங்கே அந்த இடத்துக்கு வேணுவனம் என்று பெயர்.

விருட்சம் என்றால் மரம். ஆனால் தொல்காப்பியம் மரபியலின் கணக்குப்படி மூங்கில் புல். தாவரவியலும் அதைப் புல் குடும்பத்தில்தான் வைக்கிறது. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படியோ அது மரம். இந்த நான்கில் எது சரி என்று கேட்பது ஒரு மதிப்பெண் வினா. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றை ஒரு வகைக்குள் போட்ட பிறகு அதற்கும், அதை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் என்ன நடக்கிறது என்பதுதான் இங்கே என் கேள்வி.

இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தாலே நம்மிடம் இரண்டு பழக்கங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. முதலாவது, தமிழ்த் துறைப் பழக்கம். நானும் எம்.ஏ. தமிழ்தான் என்பதால் உள்ளிருந்தே சொல்கிறேன். மேல்நாட்டான் நேற்றுக் கண்டுபிடித்ததை நாம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டோம் என்று மரபியலை எடுத்து நீட்டுவோம். நீட்டிய கையோடு மூடியும் வைத்துவிடுவோம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

உள்ளே இருப்பது இரண்டு தனித்தனி வகைப்பாடுகள். ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த அறிவு வரிசை: தொடுதல், சுவை, மணம், பார்வை, கேள்வி, மனம் என்று புலன்கள் ஏற ஏற உயிர்களும் ஏறுகின்றன. புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, நத்தைக்கு இரண்டு, கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு, விலங்குக்கு ஐந்து, மக்களுக்கு ஆறு. இது தமிழுக்கு மட்டும் உரிய ஏற்பாடு என்று சொல்வதற்கில்லை. சமணர்களின் தத்துவார்த்த சூத்திரம் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்று ஏறக்குறைய இதே படிக்கட்டைத்தான் கட்டுகிறது. இந்த வரிசையில் நாம் சட்டென்று கடந்துவிடுகிற ஒரு சொல் உண்டு, அது 'மாக்கள்'. ஐந்தறிவுத் தட்டில் விலங்கோடு சேர்த்து மனித உருவிலுள்ள ஒரு பகுதியாரையும் உட்கார வைக்கிற சொல். அதற்குத் திரும்ப வருவோம்.

இரண்டாவது வகைப்பாடுதான் என்னை ஈர்ப்பது. வெளிப்புறம் காழ் உடையது புல், உள்ளே காழ் உடையது மரம். காழ் என்றால் வைரம். ஆசாரிகள் இன்றும் 'வைரம் பாய்ஞ்ச கட்டை' என்கிறார்களே, அந்த வைரம். வேம்பை அறுத்தால் கெட்டிப்பு நடுவில் இருக்கும். பனையை அறுத்தால் ஓரமெல்லாம் இரும்பு, நடுவில் சோறு. மூங்கிலுக்கு நடுவில் ஒன்றுமே இல்லை. ஆக நெடுநெடுவென்று நிற்கிற பனை, தென்னை, மூங்கில் எல்லாம் புல். இதைச் சொன்ன கையோடு மரபியல் சொற்களைப் பிரிக்கிறது: புல்லுக்கு வருவது ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, மரத்துக்கு வருவது இலை, தளிர், சினை, அரும்பு. அதாவது வகைப்பாட்டின் நோக்கம் எதை எந்தச் சொல்லால் சொல்வது வழக்கு என்பதுதான். இன்றைக்கும் தென்னை இலை என்று சொன்னால் சின்னப் பிள்ளை சிரிக்கும். ஆனால் மூங்கிலுக்கு நாம் இலை என்றுதான் சொல்கிறோம். வாழைக்கும் இலை. அதற்கோ உள்ளும் வைரமில்லை, வெளியிலும் இல்லை. எல்லா வகைப்பாடுகளையும் போல இதற்கும் ஓரங்களில் நூல் பிரிந்துதான் கிடக்கிறது.

உடற்கூற்றின்படி இதற்குக் காரணம் உண்டு. வேம்பு, புளி போன்றவற்றில் பட்டைக்குக் கீழே வளர்திசு ஒரு வளையமாக இருந்து ஆண்டுதோறும் உட்பக்கம் கட்டையைச் சேர்த்துக்கொண்டே போகும். பழைய கட்டை நடுவில் இறுகி வைரமாகும். பனையிலும் மூங்கிலிலும் அந்த வளையம் இல்லை. நீரும் சத்தும் கடத்துகிற குழாய்க் கற்றைகள் தண்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன, ஓரத்தில் நெருக்கமாக. ஆகவே ஓரம் கெட்டி. மூங்கில் முளைக்கும்போது என்ன பருமனோ அதே பருமன்தான் கடைசிவரை. ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று பள்ளியில் படித்த பிரிவும் மரபியலின் புல், மரம் என்ற பிரிவும் பெரும்பாலும் பொருந்திவருவதற்குக் காரணம் இதுதான். பார்த்தவர் கூர்ந்து பார்த்திருக்கிறார். அந்த மட்டில் பெருமைப்படலாம்.

பின்னால் வந்தவர்கள் இந்தப் பிரிவை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அகவைரம் ஆண்மரம், புறவைரம் பெண்மரம், வைரமே இல்லாதது அலிமரம் என்று ஆக்கினார்கள். தமிழ்ப் பேரகராதியில் மூன்றும் இருக்கின்றன. உள்ளே உறுதி ஆணுக்கு, வெளியே மினுக்கம் பெண்ணுக்கு, ஒன்றுக்கும் உதவாதது மூன்றாவதற்கு. இன்று நாம் சொல்லக் கூசுகிற ஒரு சொல் முருங்கைக் கட்டைக்குப் பெயராக இருந்திருக்கிறது. மனிதர்கள் முதலில் தங்களைக் குழுக்களாகப் பிரித்துக்கொண்டார்கள், அந்த அச்சைத்தான் பிறகு இயற்கையின் மீது பதித்தார்கள் என்று துர்க்கைமும் மோஸும் 1903இல் எழுதியது முழுக்கச் சரியோ இல்லையோ, இந்த இடத்துக்குச் சரியாகவே பொருந்துகிறது.

இரண்டாவது பழக்கம் சிறுபத்திரிகைப் பழக்கம். வகைப்பாடு என்றதும் போர்ஹெஸின் சீனக் கலைக்களஞ்சியத்துக்கு ஓடுவோம். விலங்குகளில் சக்கரவர்த்திக்குச் சொந்தமானவை ஒரு வகை என்று தொடங்கும் அந்த விசித்திரப் பட்டியல், அதைப் படித்துச் சிரித்ததிலிருந்து பிறந்ததாக ஃபூக்கோ சொல்லும் 1966ஆம் ஆண்டுப் புத்தகம், ஆகவே எல்லா வகைப்பாடும் தன்னிச்சையானது, எல்லாமே அதிகாரத்தின் சொல்லாடல் என்று ஒரு முடிவு. முடிவு கைக்கு வந்துவிட்டால் செடியையோ பூச்சியையோ பார்க்க வேண்டிய தொல்லை இல்லை. நானும் இப்படி எழுதித் தள்ளியவன்தான்.

போர்ஹெஸ் அந்தப் பட்டியலைச் சொல்வது ஜான் வில்கின்ஸ் என்பவரைப் பற்றிய கட்டுரையில். உலகத்துப் பொருள்களையெல்லாம் கட்டம் கட்டிப் பிரித்து, கட்டத்தின் இடத்தைக் கொண்டே சொல்லை உண்டாக்கும் ஒரு செயற்கை மொழியை வில்கின்ஸ் 1668இல் வெளியிட்டார். அதில் தாவர அட்டவணைகளைத் தயாரித்துக் கொடுத்தவர் ஜான் ரே. நம் மேற்கோள்களில் இந்த ஆள் வருவதே இல்லை. இயற்கை காட்டும் வழியில் போகவிடாமல் தன்னை வில்கின்ஸின் கட்டங்களுக்குள் செடிகளை அடைக்க வைத்துவிட்டார்கள் என்று ரே மறு ஆண்டே நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறைப்பட்டுக்கொண்டார். 1682இல் தானே ஒரு புத்தகம் போட்டார். விதைக்குள் இருக்கும் வித்திலை ஒன்றா இரண்டா என்ற பிரிவு தாவர வகைப்பாட்டுக்குள் வந்தது அவர் வழியாக. கட்டம் வில்கின்ஸுடையது. அந்தக் கட்டத்துக்குள் அடங்க மறுத்தவை செடிகள். வகைப்படுத்தப்படும் பொருளும் தன் பங்குக்கு முரண்டு பிடிக்கும் என்பதைப் போர்ஹெஸ் வழியாகவே வந்த நாம் பார்க்காமல் விட்டோம்.

லின்னேயஸுக்கும் இந்த முரண்டு நேர்ந்தது. அவர் பூவிலுள்ள மகரந்தத் தாள்களை எண்ணினார். மூன்றென்றால் ஒரு வகுப்பு, ஆறென்றால் இன்னொன்று. எளிமையான முறை, யாரும் எண்ணலாம். விளைவு என்னவென்றால் 1753ஆம் ஆண்டின் அவருடைய நூலில் கோதுமை ஒரு வகுப்பிலும் நெல் வேறொரு வகுப்பிலும் போய் விழுந்தன, கோதுமைக்குத் தாள் மூன்று, நெல்லுக்கு ஆறு என்பதால். முள் மூங்கிலுக்கும் ஆறுதான். ஆனால் பூக்கவே பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் தாவரத்தில் தாளை எங்கே போய் எண்ணுவது? அவர் அதை நாணல் சாதியோடு மூன்று தாள் வகுப்பில் சேர்த்தார். அவர் மேற்கோள் காட்டிய நூல்களில் ஒன்று மலபாரில் டச்சு அதிகாரி வான் ரீடு தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிகஸ். 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வந்தது. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் அறிவு அதற்குள் இருக்கிறது. அதில் மூங்கில் 'இல்லி' என்ற மலையாளப் பெயரில் படமாக இடம்பெற்றது. இன்று முள் மூங்கிலின் அறிவியல் பெயருக்கு வகைமாதிரியாக வைக்கப்பட்டிருப்பது அந்தப் படம்தான்.

வகைமாதிரி என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும், பின்னால் தேவைப்படும். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஒரு மாதிரியை, அதாவது ஒரு காய்ந்த செடியையோ ஒரு படத்தையோ, அந்தப் பெயரோடு கட்டிவைக்கிறார்கள். அந்த மாதிரி இனத்தின் சாரம் என்றோ, இனத்தைச் சேர்ந்த மற்றவை எல்லாம் அச்சாக அப்படியே இருக்க வேண்டும் என்றோ அர்த்தமில்லை. அது சராசரியாகக்கூட இருக்கத் தேவையில்லை. பெயருக்கு ஒரு முளைக்குச்சி, அவ்வளவுதான். இனத்தின் எல்லையைத் தீர்மானிப்பது உறவு.

இந்த உறவு என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் டார்வின். 1859இல் அவர் சொன்னது, உண்மையான வகைப்பாடு எல்லாம் வம்சாவளியே என்பது. ஒத்த உருவத்தை விட்டுவிட்டு ஒரே மூதாதையைத் தேட வேண்டும் என்றானது. இப்போது மரபணுவை வாசித்து அந்த வம்சாவளியை வரைகிறார்கள். 1998இலிருந்து பூக்கும் தாவரங்களை இப்படி மறுபடி அடுக்கியதில் பல பழைய வீடுகள் இடிந்துவிட்டன. ஒருவித்திலைகள் ஒரே குடும்பமாகத் தேறின. இருவித்திலை என்ற பழைய பெருங்கூட்டம் உடைந்தது: மிளகும் வெற்றிலையும் சீத்தாவும் செண்பகமும் வேம்பு, மாங்கொட்டையோடு நிற்காமல் தனிக்கிளையாய் விலகிப்போயின. மூங்கில், நெல், கோதுமை மூன்றும் நெருங்கிய கிளைகள் என்று தெரிந்தது. அதிலும் மூங்கிலுக்கு நெல்லைவிடக் கோதுமை நெருங்கிய உறவு. பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைவன என்று கபிலர் எண்ணுவதில் மூங்கில் நெல்லும் ஒன்று. அதைச் சமைத்தவர்களுக்கு இந்தச் சொந்தம் ஒன்றும் ஆச்சரியமாக இருந்திருக்காது. இந்த வம்சாவளியில் 'மரம்' என்று ஒரு வகையே கிடையாது. மரம் என்பது நிற்கிற ஒரு தோரணை. பல குடும்பங்கள் தனித்தனியாக அந்தத் தோரணைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அப்படியானால் சட்டம் மட்டும் மூங்கிலை ஏன் மரம் என்றது? அறியாமை என்று சொல்ல வழியில்லை. ஜே.எஸ். கேம்பிள் என்ற வெள்ளைக்கார வன அதிகாரி சென்னை மாகாணத்தில் காப்பாளராக இருந்தவர், பிறகு டேராடூன் வனப்பள்ளியின் இயக்குநர். 1896இல் பிரிட்டிஷ் இந்தியாவின் மூங்கில்கள் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அவற்றைப் புல் குடும்பத்தில் வைத்து இனம் இனமாகப் பிரிக்கிறது. அதே காலத்தில் அவருடைய துறை நடைமுறைப்படுத்திய 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தில் மரம் என்ற சொல்லுக்குள் மூங்கிலும் அடக்கம். ஒரே துறைக்குள் ஒன்று அறிவுக்கு, இன்னொன்று வசூலுக்கு. இரண்டும் முட்டிக்கொள்ளவே இல்லை.

1927 சட்டத்தின் இரண்டாம் பிரிவில் மரம் என்பது பனை, மூங்கில், அடிக்கட்டை, புதர், பிரம்பு ஆகியவற்றையும் உள்ளடக்கும் என்று வரையறை. விழுந்த மரமும் வெட்டிய மரமும் 'தடி'. தடி என்றாகிவிட்டால் அதைக் கொண்டுபோகத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், சொந்தக் கொல்லையில் வளர்த்த மூங்கிலானாலும். புல் என்று எழுதியிருந்தால் தலைச்சுமையாய்க் கொண்டுபோயிருக்கலாம். ஒரு சொல்தான், ஆனால் அந்தச் சொல்லுக்கும் சோதனைச் சாவடிக்கும் நடுவில் லட்சக்கணக்கான கூடைக்காரர்கள் நின்றார்கள்.

திருவள்ளூர்ப் பக்கம் சாலையோரத்தில் கூடையும் முறமும் முடைகிற ஓர் அம்மாவிடம், மூங்கில் புல்லா மரமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "புல்லாவது மரமாவது. பொளந்தா நேரா வருதா, வளைச்சா ஒடியாம இருக்குதா, அதான் சார் எங்களுக்கு. கல் மூங்கில் ஏணிக்கி ஆவும், கூடைக்கி ஆவாது. பச்சையில பொளக்கணும். காஞ்சி போனா சாரம் கட்றவன் வாங்கினு போவான்." பிளவு, வளைவு, ஈரம் என்று அவரிடமும் ஒரு வகைப்பாடு இருக்கிறது. மரபியலைப் போலவே கைக்கும் பொருளுக்கும் நடுவில் உண்டானது. பக்கத்துக் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் பிளாஸ்டிக் கிரேட் வந்த பிறகு கூடையை யார் கேட்கிறார்கள் என்பது வேறு கதை.

கர்நாடகத்து மூங்கில் காடுகளை ஆராய்ந்த மாதவ் காட்கில், காகித ஆலைக்கு டன் ஒன்றரை ரூபாய் என்ற கணக்கில் மூங்கில் ஒப்பந்தமானதையும், கூடை முடைவோர் சந்தையில் அதே மூங்கிலைப் பல நூறு மடங்கு விலை கொடுத்து வாங்கியதையும் எழுதியிருக்கிறார். குஜராத்தில் 1980களில் ஆதிவாசிகள் முடைந்த முறமும் கூடையும் வன விளைபொருளா என்று வழக்கே நடந்தது. அல்ல என்று உயர்நீதிமன்றம் சொன்னது. மரம் எந்தக் கட்டத்தில் மரமாக இல்லாமல் போகிறது என்று நீதிபதிகள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்திருக்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருள் என்றது. ஆனால் வனத்துறை பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சீட்டுத் தர மறுத்தது. மகாராஷ்டிரத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்ற கோண்டு கிராமம் விடாமல் நின்று, 2011 ஏப்ரலில் அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைத் தன் கிராம சபையின் கைக்கே வாங்கியது. கொடுக்க மத்திய அமைச்சர் ஜெயராம் ரமேஷே வந்தார். 2017 நவம்பரில் அவசரச் சட்டமும் 2018 ஜனவரியில் திருத்தச் சட்டமும் வந்து, 1927 சட்டத்தின் மரம் என்ற வரையறையிலிருந்து மூங்கில் என்ற ஒரு சொல் நீக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகள். அதுவும் காட்டுக்கு வெளியே வளர்ப்பவருக்குத்தான் அதனால் விடுதலை. காட்டுக்குள் மூங்கில் வன விளைபொருளாகவே நிற்கிறது.

இனி மாக்கள். மூங்கிலை மரத்தில் சேர்த்த அதே காலனிய அரசு, மூங்கில் முடைகிறவர்களையும் வகைப்படுத்தியது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. உப்பும் தானியமும் கழுதையில் ஏற்றி விற்று, கூடையும் பாயும் முடைந்து பிழைத்த குறவர்கள் அதில் வந்தார்கள். இரயிலும் உப்பு வரியும் அவர்களுடைய வியாபாரத்தையும், வனச் சட்டம் அவர்களுடைய மூங்கிலையும் பறித்த பிறகு அவர்கள் எப்படிப் 'பிறவிக் குற்றவாளிகள்' ஆக்கப்பட்டார்கள் என்பதை மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார். லின்னேயஸ் 1758 பதிப்பில் மனிதனை நான்காகப் பிரித்து நிறம், சுபாவம் எல்லாம் எழுதி, ஐரோப்பியன் சட்டத்தால் ஆளப்படுபவன், ஆப்பிரிக்கன் மனம்போன போக்கால் ஆளப்படுபவன் என்று வைத்ததும் இந்த ரகம். நம் மரபியலும் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர் என்று சொல்லி வந்து அதே மூச்சில் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் யாருக்கு எது உரியது என்று இறங்குகிறது. அது இடைச்செருகல் என்பார் உண்டு. இருக்கலாம். ஆனால் செருகியவருக்குச் செருக அந்த இடம்தான் பொருத்தமாகப்பட்டிருக்கிறது.

மூங்கிலுக்குத் தன்னை என்னவென்று அழைத்தாலும் ஒன்றுதான். மனிதருக்கு அப்படியில்லை. அவர் வகையை எதிர்ப்பார், சில சமயம் வகையைக் கேட்டும் நிற்பார். குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் நாடு முழுவதும் ஒழிந்தது. நரிக்குறவர்கள் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்த பழங்குடிப் பட்டியல் இடம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் இருளர்களின் கதையைக் கேளுங்கள். செங்கல் சூளையில் வேலை பார்க்கிற ஒருவருடைய மகன் பிளஸ் டூ முடித்திருந்தான். சாதிச் சான்றிதழுக்காக அவரோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "பாம்பு புடிப்பியாய்யா?" அவர் தெரியாது என்றார். "அப்புறம் என்னய்யா இருளரு? எலியாவது புடிப்பியா?"

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, உரிமமில்லாமல் நல்ல பாம்பைப் பிடிப்பது குற்றம். உரிமத்தோடு பிடித்து விஷம் எடுக்கத்தான் 1978இல் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் உண்டாகி வடநெம்மேலியில் இயங்குகிறது. ஒரு சட்டம் குற்றம் என்பதை இன்னொரு மேசை அடையாளமாகக் காட்டச் சொல்கிறது. அந்த அதிகாரியின் மனதில் ஒரு வகைமாதிரி இருக்கிறது, கையில் பாம்போடு நிற்கிற இருளர். தாவரவியல்கூடத் தன் வகைமாதிரியிடம் கேட்காத விசுவாசத்தை அவர் சூளைக்காரரிடம் கேட்கிறார்.

மூன்று தடவை நடந்தோம். கடைசியில் காரியம் ஆனது எதனால் என்றால், அவருடைய அண்ணன் மகளுக்கு வேறொரு தாலுகாவில் ஏற்கெனவே கொடுத்திருந்த சான்றிதழ் கிடைத்ததால். இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவரே என்று வயதான உறவினர் இருவர் வந்து சொன்னார்கள். அதாவது டார்வின் வழி. கையெழுத்துப் போட்டுக்கொண்டே அதிகாரி, "இத மொதல்லியே கொண்டாந்திருக்கலாமில்ல?" என்றார். அதற்குள் அந்த வருஷக் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது. பையன் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தக் கூலியாய்ப் போய்க்கொண்டிருக்கிறான். அடுத்த வருஷம் சேர்கிறேன் சார் என்கிறான்.